குருவிக்கு இட்ட அரிசி

மகாகவி பாரதியாரின் புதுவை வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு செய்தியைத் தமிழர் யாவரும் அறிவர். உலையில் இடுவதற்காகச் செல்லம்மாள் முறத்தில் எடுத்து வைத்திருந்த அரிசியைக் கவிஞர் அள்ளி முற்றத்தில் இறைத்துவிடுகிறார். குருவிகள் கூட்டமாக வந்து கொத்துகின்றன. அவற்றின் களிப்பைக் கண்டு அவரும் களிக்கிறார். அடுக்களையிலிருந்து திரும்பிய செல்லம்மாள் திகைத்து நிற்கிறார். நம் விழா மேடைகளில் இக்கதை சொல்லப்படாத ஆண்டில்லை. சொல்லி முடிக்கும் இடத்தில் கைதட்டல் எழாத ஆண்டும் இல்லை.

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் பாரதியை அறிவது பெரும்பாலும் இத்தகைய மேடைகளின் வழியாகத்தான். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கும்போது தடுமாறுவாள். விழாவுக்கான பாட்டைத் தேவநாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்தே மனப்பாடம் செய்விக்கிறேன் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அவ்வாறு ஒரு நாள் பாப்பா பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கையில், அவள் சலிப்படையாதிருக்கும் பொருட்டுக் குருவிக் கதையையும் சொன்னேன். அவள் கைதட்டவில்லை.

"அந்த வீட்டுப் பாப்பா அன்னிக்கு என்னப்பா சாப்பிட்டா?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டில் யாரேனும் கொடுத்திருப்பார்கள் என்று சமாளித்தேன்.

"அப்போ அவங்க அம்மா போய்க் கேட்டிருப்பாங்க, இல்லையா?"

அவ்வினாவுக்கு என்னால் விடை கூற முடியவில்லை. இக்கட்டுரை அதற்கு விடை தேடும் ஒரு முயற்சி என்றே கொள்க. உலகத்தோடு மாறுபட்டு நின்ற ஓர் எழுத்தாளன் தன் மக்களுக்கு விட்டுச் செல்வது யாது? அம்மாறுபாட்டின் விலையை அம்மக்களும் செலுத்துமாறு விட அவனுக்கு உரிமை உண்டா? இவையே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

வள்ளுவர் மக்கட்பேற்றில் தந்தைக்கு ஒரு கடமையும் மகனுக்கு ஒரு கடமையும் வகுத்துள்ளார். தந்தை மகனை அவையில் முந்தியிருக்கச் செய்ய வேண்டும். மகன் தன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று பிறர் வியக்குமாறு நடந்துகொள்ள வேண்டும். அவை என ஒன்று இருந்து, தந்தையும் அதில் ஏற்கப்பட்டிருக்கும் வரையில் இதில் சிக்கல் ஏதுமில்லை. அவையையே பழித்து வெளியேறிய தந்தை, தன் மகளை எந்த அவையில் முந்தியிருக்கச் செய்வான்?

இந்த வினாவில் பாரதியாரே முதலில் மகனாக நின்றவர் என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. எட்டயபுரத்துச் சின்னசாமி ஐயர் தம் மகன் கணிதமும் ஆங்கிலமும் கற்று உயர் பதவி பெற வேண்டுமென விரும்பியவர். ஒத்த வயதுப் பிள்ளைகளோடு ஆடி மகிழ விடாமல் வளர்த்தவர். நெல்லைக்கு ஆங்கிலம் கற்க அனுப்பியவர். பஞ்சாலைத் தொழிலில் பொருளை இழந்து மனம் ஒடிந்து 1898இல் அவர் மறைந்தபோது சுப்பையாவுக்கு வயது பதினைந்து. அதன்பின் காசியில் அத்தை குப்பம்மாளின் இல்லத்தில் 1902 வரை வாழ்ந்த அவ்விளைஞர், வைதிக வீட்டில் மீசையும் தலைப்பாகையுமாகத் திரியத் தொடங்கினார். (நம்மைப் போல் வடபுலம் வந்து பிழைத்த தமிழ்ப் பிள்ளைகளுள் அவரும் ஒருவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.) 1910இல் வெளிவந்த 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாடலில் அவர் தந்தையை நினைவுகூர்கிறார். தமக்குப் பிடிக்காத கல்வியால் தந்தைக்கு வந்த செலவையும் தமக்கு வந்த தீங்கையும் கணக்குப் பார்த்துச் சினக்கிறார். அதே பாடலில் அத்தந்தை வறுமையுற்று வருந்தியதை எண்ணி உருகவும் உருகுகிறார். பிற்காலத்தில் பாப்பா பாட்டில் குழந்தைக்கு அவர் இடும் முதற் கட்டளையே விளையாட்டைப் பற்றியதாக அமைந்தது தற்செயலாக இருக்குமென எனக்குத் தோன்றவில்லை. தமக்கு மறுக்கப்பட்டதைத் தம் பிள்ளைக்கு முதலில் கொடுத்தார்.

ஆயினும் கொடுக்க இயலாமற் போனவை எத்தனை! மூத்த மகள் தங்கம்மாள் 1904இலும் இளையவர் சகுந்தலா 1908இலும் பிறந்தனர். அதே 1908இல் ஆங்கில அரசின் கைக்கு அகப்படாமல் தந்தை புதுச்சேரி சேர்ந்தார். பத்தாண்டுகள் அங்கே. 'இந்தியா' இதழ் 1910இல் நின்றுபோன பிறகு நிலையான வருவாய் இல்லை. வாயிலில் ஒற்றர்கள் நின்றனர். ரா. கனகலிங்கம் என்னும் ஆதிதிராவிட இளைஞருக்குத் தம் கையால் பூணூல் அணிவித்த செயலைப் பாராட்டி நாம் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் எழுதிவிட்டோம். அச்செயலுக்குப் பிறகு அதே தெருவில் தண்ணீர்க் குடம் எடுத்துச் செல்ல வேண்டியிருந்த மனைவியைப் பற்றியோ, அதே தெருப் பிள்ளைகளுடன் விளையாட வேண்டியிருந்த சிறுமியரைப் பற்றியோ எத்தனை கட்டுரைகள் உள்ளன? 1918 நவம்பரில் கடலூரில் கைது. விடுதலைக்குப் பின் செல்லம்மாளின் ஊரான கடையம். அங்கும் அக்கிரகாரத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஊரைப் பகைப்பது கவிஞனுக்கு வீரம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனைவிக்கு அதனை எச்சொல்லால் குறிப்பது?

பெரும்பணி ஆற்றுவோர் குடும்பத்தைக் கருதலாகாது என்று விடை கூறுவோர் உளர். அவர்கள் காட்டும் முதல் சான்று கௌதம புத்தர். நானும் அச்சான்றையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல் சற்று மேலே படிக்கிறேன். ஞானம் பெற்றபின் புத்தர் கபிலவஸ்துவுக்கு வருகிறார். தாய் சிறுவன் இராகுலனை அழைத்து, அதோ உன் தந்தை, சென்று உன் பிதுரார்ஜிதத்தைக் கேள் என்று அனுப்புகிறாள். சிறுவன் அவர் பின்னாலேயே நடந்து தன் பங்கைக் கேட்கிறான். உலகத்தைத் துறந்தவரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? தம்மிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தார்: அவனையும் துறவியாக்கும்படி சாரிபுத்தரிடம் ஒப்படைத்தார். பாட்டனார் சுத்தோதனர் இதனை அறிந்து துடித்துப்போனார். மகன் சென்றபோது வருந்தினேன், இப்போது பேரனும் சென்றான், இந்த வேதனை தோலையும் சதையையும் துளைத்து எலும்பு வரை செல்கிறது என்னும் பொருள்பட அவர் முறையிட்டதாக விநய நூல் கூறுகிறது. இனிப் பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவு அளிக்கலாகாது என்ற விதியை வகுக்குமாறு வேண்டினார். புத்தர் அவ்வேண்டுகோளை ஏற்றார்.

இக்கதையில் என்னை ஆட்கொள்வது அவ்விதிதான். தாம் சென்ற பாதையால் ஒரு குடும்பத்தில் விளைந்த வலியைப் புத்தர் மறுக்கவில்லை. பாதை உயர்ந்தது, ஆகவே வலி இல்லை என்று வாதிடவும் இல்லை. வலி உண்டு என்று ஒப்பி, அதற்கொரு விதி செய்தார். நம் பாரதி அன்பர்கள் பலருக்கு இவ்வளவு மன விரிவு இருப்பதாகச் சொல்வதற்கில்லை. செல்லம்மாள் பட்ட துயரை எடுத்துரைத்தால் கவிஞரின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள்.

அரசு அலுவலில் சேருகின்ற எங்களைப் போன்றோர் தொடக்க நாட்களிலேயே நிரப்பித் தரும் தாள்களுள் வாரிசு நியமனப் படிவமும் ஒன்று. இறக்க நேரின் சேமநிதி யாருக்கு, எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். இருபது வயதுகளில் அதனை நிரப்பும்போது சிரிப்பு வரும். குழந்தை பிறந்தபின் திருத்தி எழுதும்போது வருவதில்லை. பாரதியாரும் ஒருவகையில் அப்படிவத்தை நிரப்ப முயன்றவரே. 1920இல் தம் நூல்கள் அனைத்தையும் நாற்பது தொகுதிகளாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டு, அன்பர்கள் கடனாகப் பொருள் அனுப்ப வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போல் அவை வீடுதோறும் விலைபோகும் என்று உறுதியாக நம்பினார். தமிழுலகம் அசையவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் காலமானபோது மகள்கள் இருவருமே இருபது வயதை எட்டாதவர்கள். சுடுகாடு வரை சென்றோர் இருபதின்மருக்கும் குறைவு என்பர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைவாகக் கூறிவிடலாம். செல்லம்மாள் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் 1922இல் தாமே நூல்களை வெளியிடத் துணிந்தார், அது நிலைக்கவில்லை. உரிமை பாரதி பிரசுராலயத்துக்குப் போயிற்று. 1931இல் எழுதிக் கொடுக்கப்பட்ட விலை நாலாயிரம் ரூபாய். அதில் ஒரு பெரும்பகுதி இளைய மகளின் திருமணத்திற்காக முன்னரே வாங்கிய பணத்தில் கழிந்தது. இடையில் 1928இல் சென்னை அரசு பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ததும், சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து முழங்கியதும் நாடறிந்தவை. ஒலிப்பதிவு உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் சேர்ந்தது, அவர் பின்னர் அதனை விலையின்றி அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமைகளை ஏற்றபோது செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் தலைக்கு ஐயாயிரம் ரூபாய் வழங்கப்பட்டது. பிறகு பாடல்கள் பொதுச்சொத்தாயின. செல்லம்மாள் 1955இல் மறைந்தார். பெண் விடுதலையைப் பாடியவரின் மனைவி கைம்மைக் கோலத்தில் கழித்த ஆண்டுகள் முப்பத்து நான்கு.

தந்தையின் சொத்து ஊரார் சொத்தாயிற்று. மகள்களுக்கு எஞ்சியது நினைவு ஒன்றே. அந்நினைவை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நம் வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி கிடக்கிறது.

தாய் கூறக் கூறத் தங்கம்மாள் எழுதியதே 1941இல் செல்லம்மா பாரதியின் பெயரால் வந்த 'பாரதியார் சரித்திரம்'. தங்கம்மாள் தம் பெயரிலும் எழுதினார். சகுந்தலா 'என் தந்தை' எழுதினார். இந்நூல்களைப் படிப்போர் ஒன்றைக் காணலாம். இவற்றில் பசி மறைக்கப்படவில்லை. தந்தையின் கோபம் மறைக்கப்படவில்லை. குருவிக் கதையை அவ்வீட்டுப் பெண்களும் சொன்னார்கள். ஆயினும் அவர்கள் அதனைச் சொல்லும் குரல் வேறு, நாம் மேடையில் சொல்லும் குரல் வேறு. அவர்கள் சொல்லும்போது முறம் காலியாக இருப்பதும் தெரிகிறது, அவர் முகத்தின் களிப்பும் தெரிகிறது. நாம் சொல்லும்போது முறம் மறைந்துவிடுகிறது.

பட்டினி கிடந்தவர் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக, வயிறார உண்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் நாம் கைதட்டலாமா? மன்னிக்கும் உரிமை அவ்வீட்டில் பசித்திருந்த மூவருக்கு மட்டுமே உரியது. அவர்கள் அதனை நிறைந்த மனத்துடன் பயன்படுத்தினர். அவர்களிடமிருந்து அதனைக் கடன் வாங்கி நாம் செலவிடுவது, எனக்கென்னவோ, கூச்சமில்லாத செயலாகவே படுகிறது. குருவிக் கதையைச் சொல்லக்கூடாது என்பதன்று என் கட்சி. முறத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

நினைவும் எஞ்சாத பிள்ளைகளும் உண்டு. புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் மறைந்தபோது மகள் தினகரி இரண்டு வயதுக் குழந்தை. கதைகளில் எவரையும் எதனையும் விட்டுவைக்காத அந்த எழுத்தாளர், மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்தன. அன்பும் பணக்கவலையும் பிரிவாற்றாமையும் நிரம்பிய கடிதங்கள். அம்மகள் தந்தையை நம்மைப் போலவே அச்செழுத்தில் படித்துத்தான் அறிந்திருக்க வேண்டும். 2002இல் தமிழக அரசு அவர் எழுத்துகளையும் நாட்டுடைமையாக்கியது. அச்சிட்ட தாளில் தந்தையைத் தேடுவது தங்கம்மாளின் சுமையைக் காட்டிலும் எளிதா, கடினமா என்று என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

இன்னுமொன்று. கலகக்காரனின் மரபைக் கீழ்ப்படிதலால் காக்க இயலாது. எதையும் ஆராயாமல் ஏற்காதே என்று சொன்னவனை ஆராயாமல் ஏற்பவன் அவனை மறுத்தவனாகிறான். தலைநகரில் கான் மார்க்கெட்டை ஒட்டி சுப்பிரமணிய பாரதி மார்க் என்று ஒரு சாலை இருக்கிறது. அவ்வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் பெருமிதம் கொள்கிறேன். கூடவே ஒரு சிறு ஐயமும் எழும். எந்த அரசு அவரைத் தேடித் திரிந்ததோ அந்த அரசு வேறுதான், ஆனாலும் பெயர்ப்பலகையில் ஏறியவரோடு யாரும் சண்டையிடுவதில்லை. அவருடைய பெண்கள் அவரைப் பெயர்ப்பலகையில் ஏற்றவில்லை. உண்மையை எழுதி, அவரோடு இறுதிவரை வாதிடக்கூடிய நிலையில் அவரை வைத்திருந்தார்கள். அவர் விட்டுச் சென்ற பிதுரார்ஜிதத்தைப் பெற்றவர்கள் என்று நான் எண்ணுவது அவர்களைத்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கலகம் செய்யாத தந்தையராகிய நம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் வாடகை வீடு தேடி அலைந்தபோது, வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் சாதியையும் அடுக்களையில் என்ன சமைப்போம் என்பதையும் வினவினார். பிறகு, கீழ்த்தளத்துக்கு இன்ன வகுப்பார் வந்தால் நாங்கள் முகஞ்சுளிக்க மாட்டோமே என்று கேட்பது போல், அவர்களை விடமாட்டேன் அஞ்ச வேண்டாம் என்று தாமே உறுதி கூறினார். அவர் கேட்க விரும்பிய விடைகளையெல்லாம் நான் கூறினேன். கடைசி உறுதிமொழிக்குத் தலையசைத்து நன்றியும் சொன்னேன். வீடு நல்ல வீடு, பள்ளிக்கு அருகில், குழாயில் இருவேளைத் தண்ணீர். என் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றாள். அன்று இரவு அவ்வீட்டில் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அவள் அப்போது கேட்டதில் எவ்வளவு புரிந்தது, எவ்வளவு நினைவிருக்கிறது என்று நான் கேட்டதில்லை. பாரதியின் வீட்டுப் பாப்பா ஒரு வேளைப் பசியைச் செலுத்தினாள். என் பெண் செலுத்தியது என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. அதனைத் தந்தை அறிவதற்கு வழியில்லை. பிள்ளை வளர்ந்து எழுதினால்தான் உண்டு.

விழாவன்று அவள் பாட்டை ஓரிடத்திலும் தவறாமல் சொன்னாள். திரும்பும் வழியில், மெட்ரோ வண்டியில், பழைய வினாவை மீண்டும் எடுத்தாள். கண்டுபிடித்துவிட்டாயா அப்பா என்றாள். அந்த ஒரு நாளைப் பற்றித் தெரியவில்லை, வேறொரு நாளைப் பற்றித் தெரியும் என்றேன். சகுந்தலா எழுதியுள்ள கடைசி இரவைச் சொன்னேன்.

அப்பா மருந்து குடிக்க மறுத்துக்கொண்டிருந்தார். பெண் கொடுத்தால் கோபிக்காமல் குடிப்பார் என்று அம்மா அவளை அனுப்பினாள். இருட்டில் மருந்து என்று எண்ணி, பக்கத்தில் இருந்த பார்லிக் கஞ்சியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் ஒரு வாய் குடித்தார். இது மருந்தில்லையம்மா, கஞ்சி என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் அவரை எழுப்பித் தொந்தரவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

"திட்டலையா?"

"திட்டவில்லை."

"அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணினா?"

வெளியே வந்து படுத்துத் தூங்கிப்போனாள் என்று சொன்னேன்.